கண்டக்டர் அக்காவின் நீர்வஞ்சி

அவருடைய பேர் எனக்குத் தெரியும். மின்சார பில்லில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். 'கண்டக்டரக்கா' என்றால் தெருக்கோடியில் இருந்தாலும் 'இன்னா?' என்று சத்தம் வரும். ஆகவே பேர் வேண்டாம்.

குள்ளம். நல்ல அகலம். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு பஸ்ஸின் நடுவில் நின்றாரென்றால் பின்னாலிருந்து முன்னால் போக நினைப்பவர்கள் அந்த நினைப்பையே விட்டுவிடுவார்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். ஒரு தரம் ஊதினால் நிறுத்து, இரண்டு தரம் ஊதினால் போகலாம். இந்தச் சட்டம் பஸ்ஸுக்கு மட்டுமல்ல. காஸ் சிலிண்டர்காரன் அவர் வீட்டைத் தாண்டிப் போனால் ஜன்னலிலிருந்து ஒரு விசில் வரும். அவன் பிரேக்கை மிதித்தே தீருவான்.

நான் முதலில் அவரைப் பார்த்தது சில்க் போர்டிலிருந்து ஹெப்பகோடி போகும் பஸ்ஸில். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டிக்கெட் எடுக்கவில்லை. இந்தப் பக்கத்துக் கட்சிப் பிரமுகர் யாருக்கோ வேண்டியவர் போலிருக்கிறது.

"நான் யாருன்னு கொத்தா?" என்றார். கன்னடத்தில் கொத்தா என்றால் தெரியுமா என்று கேட்பது.

"தெரியாது. டிக்கெட் எடு, தெரிஞ்சுக்கறேன்."

அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு விசில். டிரைவர் அக்காவை நெடுநாள் அறிந்தவர். வண்டியை ஓரம்கட்டி இன்ஜினையும் அணைத்துவிட்டார். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். பஸ் முழுக்க வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம். முதலில் எல்லோரும் அக்காவைத் திட்டினோம். நானும்தான். கொஞ்ச நேரத்தில் வசவு மெல்லத் திரும்பி வெள்ளைச் சட்டையின் மேல் விழத் தொடங்கியது. அவர் என்னென்னவோ முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். இரண்டு விசில். வண்டி கிளம்பியதும் யாரோ கை தட்டினார்கள். அக்கா, "கைய தட்டாதீங்க, சில்லறைய எடுத்து வையுங்க" என்றார்.

அந்த அம்மாளின் மாடிப் போர்ஷனுக்கே நான் குடிபோவேன் என்று அன்று தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வீடு பார்த்திருப்பேன். நல்லவேளை, தெரியவில்லை.

வீடு ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு புது லேஅவுட்டின் கடைசி வரிசையில். பின்சுவரை ஒட்டி ஓடை. ஏரிக்குப் போகும் கால்வாய் அது, இங்கே காலுவே என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர், மற்றக் காலத்தில் நாற்றம். ஓடைப் பக்கம் என்பதால்தான் சைட் மலிவாகக் கிடைத்தது என்று அக்காவே சொல்வார். கண்டோன்மென்ட் பக்கம் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், பணத்தைச் சேர்த்து இந்த மூலையில் வந்து தனியாக வீடு கட்டினார். கணவர் எப்போதோ போய்விட்டார். செத்தா, பிரிந்தா என்று துருவிக் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: "அவரு ஸ்டாப்பிங் வந்துச்சு, எறங்கிட்டாரு."

ஓடைக்கரை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. அக்கா தென்னை வைத்தார், சாய்ந்தது. சில்வர் ஓக் வைத்தார், வேர் அழுகியது. கரைக்கும் அவர் பின்சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலம்தான் பாக்கி. எதிர் வீட்டு பாங்க்காரர், "வித்துட்டுப் போயிடும்மா, தண்ணிகூடச் சண்ட போட முடியாது" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். அதற்கு அப்புறம் அக்கா மனையை விற்பாரா?

காவேரிக் கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர் திரும்பும்போது ஒரு கட்டு கம்போடு வந்தார். நீர்வஞ்சி. கன்னடத்திலும் ஏறக்குறைய அதே பேர்தான். ஆற்றோரத்தில் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கிற மரம். இலை ஒல்லியாக, நீளமாக, அடிப்பக்கம் வெளுத்து இருக்கும். காற்றடித்தால் மரமே ஒரு கணம் வெள்ளையாகி மறுபடி பச்சையாகும். விதை தேட வேண்டாம், நாற்று வாங்க வேண்டாம். கிளையை வெட்டி ஈரத்தில் குத்தி வைத்தால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அடி நுனி கீழே, தலை நுனி மேலே.

அந்தக் கட்டைப் பஸ்ஸில் ஏற்றியபோது அந்த வண்டி கண்டக்டர், "நம்ம ஆளுதானே அக்கா, லக்கேஜ் டிக்கெட் எதுக்கு?" என்றாராம்.

"எனக்கு ஸ்டாஃப் பாஸ் இருக்கு. கம்புக்கு இருக்குதா? கிழி டிக்கெட்ட" என்று வாங்கிக்கொண்டுதான் வந்தார். மரம் டிக்கெட் எடுத்து வந்தது, அதனால் அதை யாரும் இறக்கிவிட முடியாது என்பது பிற்பாடு அவர் பல பேரிடம் சொன்ன வாதம். கோர்ட்டில் எடுபடாது. தெருவில் எடுபட்டது.

கடப்பாரையால் சேற்றில் குழி போட்டு, கம்பு கம்பாக இறக்கி, சுற்றிக் காலால் மிதித்தார். இலை இல்லை, வேர் இல்லை, வெறும் குச்சி வரிசை. தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னாக்கா, ஓடைக்குப் பந்தல் போடறியா?" என்று கேட்டவர்களுக்கு, "ஆமா, உன் கல்யாணத்துக்கு" என்றார்.

குச்சிகள் துளிர்த்தன. இரண்டு மழைக்காலத்தில் எங்கள் மாடிக்கு மேலே போய்விட்டன. தண்ணீருக்கடியில் சிவப்புச் சிவப்பாக வேர், தலைமயிர் மாதிரி அடர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. அடுத்து ஒரு பேய்மழை பெய்தது. எதிர்க்கரையில் ஒரு காம்பவுண்ட் சுவர் முழுசாக ஓடைக்குள் படுத்தது. எங்கள் கரையில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. அப்போது என் மகள் பிறந்து சில வாரம்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பின் ஜன்னலில் நின்று, அந்த மரங்கள் வெள்ளத்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி பக்தி குறைவு. அன்றைக்கு அந்த மரங்களை மனசாரக் கும்பிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி முருகேசன். தண்ணீர் லாரி முருகேசன் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, போர்வெல் போட்டு, லேஅவுட்டுக்கெல்லாம் தண்ணீர் விற்று வளர்ந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆசை அதிகம். லாரிகள் பெருகிவிட்டன, நிறுத்த இடமில்லை. அவர் மனை எங்கள் வரிசையின் முனையில். அதிலிருந்து எங்கள் பின்சுவர் வரை ஓடைக்கரை நீளமாகக் கிடக்கிறது. சர்க்கார் இடம், ஆனால் கேட்பாரில்லை. மரங்கள் இல்லாமல் கொஞ்சம் மண்ணும் கொட்டிவிட்டால் லாரி நிறுத்தலாம். கனமான தண்ணீர் லாரி அந்தக் கரையில் ஏறி நின்றால் கரை எத்தனை மழை தாங்கும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டது அக்கா மட்டும்தான்.

"டேய் முருகேசா, ஓடைக்கு டிக்கெட் எடுத்தியா?"

"அக்கா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மரந்தானே?"

"எடுக்கலல்ல? எறங்கு."

கொஞ்ச நாளில் தூர்வாரும் கான்டிராக்டர் என்று ஒருவர் ஜேசிபியோடு வந்தார். மரங்கள் தண்ணீரை மறிக்கின்றனவாம். வண்டிக்குப் பக்கத்தில் முருகேசன் சும்மா வேடிக்கை பார்ப்பவர் போல நின்றார். அக்காவுக்கு அன்று வார விடுமுறை. நைட்டியும் மேலே துண்டுமாக வந்தவர், தரையில் இறக்கி வைத்திருந்த ஜேசிபியின் தொட்டிக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு விசில்.

டிரைவர் பிகார்ப் பையன். கான்டிராக்டர் தூக்கு என்கிறார், அவன் மாட்டேன் என்கிறான். என் மனைவி குழந்தையோடு போய்ப் பக்கத்தில் நின்றாள். பாங்க்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா தொட்டியை விட்டு இறங்காமலே, அந்த நாற்காலியில் டிரைவரை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்துக் கொடுத்தார். மத்தியானம் வண்டி காலித் தொட்டியோடு திரும்பிப் போனது. இரண்டு விசில் கொடுத்து அனுப்பி வைத்தார்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். சித்திரை மாதம், அக்கா டியூட்டிக்குப் போயிருந்த பகலில், மின்கம்பியில் கிளை படுகிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டிக்கொண்டு ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். நான் வேலையில் இருந்தேன். என் மனைவி போன் மேல் போன் போட்டாள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வரிசை முழுக்க முட்டி உயரத்துக்கு அடிக்கட்டைகள். கரையெல்லாம் கிளைகள்.

அக்கா சாயங்காலம் காக்கிச் சட்டையோடு வந்தார். பார்த்தார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார், முருகேசன் வீட்டு வாசலில் உட்காருவார் என்று தெருவே காத்திருந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கை கனம் கால் கனம் உள்ள கிளைகளாகப் பார்த்து எடுத்து, இழுத்துப்போய் ஓடையில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் போட்டு மேலே கல்லை வைத்தார். துக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறு வாரம் முருகேசன் வந்தார். கரையைச் சுற்றி வேலி போட வேண்டும். கல்கம்பம் நட்டால் ஆக்கிரமிப்பு என்று கேஸ் வரும், மரக்கம்பு என்றால் தற்காலிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று யாரோ வக்கீல் யோசனை சொல்லியிருக்கிறார். வெட்டிய கம்புகள் அக்காவின் பின்பக்கத்தில் கிடக்கின்றன. எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"கம்புதானே? எடுத்துக்க" என்றார் அக்கா.

என் காதையே நான் நம்பவில்லை. கொடுத்ததோடு விட்டாரா? ஒவ்வொரு கம்பையும் தண்ணீரிலிருந்து எடுத்து, அடியைக் கத்தியால் கூராகச் சீவி, தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்து அடுக்கி வைத்தார்.

"செவப்பு மேல இருக்கட்டும், பாக்க லட்சணமா இருக்கும். நல்லா ஆழமா நடச் சொல்லு. கிட்டக் கிட்ட நடு, இல்லன்னா ஆடு பூந்துடும்."

முருகேசன் கண்ணே கலங்கிவிட்டது. "அக்கா, நீங்க பெரிய மனுஷி" என்றார்.

எனக்கு அடக்க முடியாத கோபம். பஸ்ஸை நிறுத்திய பெண்ணா இது? ஜேசிபி தொட்டியில் உட்கார்ந்த பெண்ணா இது? என் குழந்தை படுக்கிற வீட்டுக்குப் பின்னால் லாரி நிறுத்த வருகிறவனுக்கு வேலிக்கம்பு சீவிக் கொடுத்துப் பெயின்டும் அடிக்கிறாரே! நேராகவே கேட்டேன்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"உன் வேலைய பாரு தம்பி" என்றார், பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே. அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை. வாடகையை மனைவி கையில் கொடுத்து அனுப்பினேன். வேறு வீடும் பார்க்கத் தொடங்கினேன்.

வேலி எழுந்தது. அடிக்கட்டைகள் மூடும்படி மண் கொட்டியதும் லாரிகள் வந்து நின்றன. தண்ணீர் லாரி என்றால் ஒழுகாமல் இருக்குமா? ராப்பகலாக ஒழுகி வேலியோரம் சொதசொதவென்று ஆனது. ஆனி மாதம் முதல் மழை விழுந்தது. ஒரு காலையில் என் மனைவி பின் ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். போய்ப் பார்த்தேன். முருகேசனின் வேலிக்கம்பு ஒவ்வொன்றும், சிவப்புத் தொப்பிக்குக் கீழே, பச்சையாகத் துளிர்த்து நிற்கிறது. முன்பு ஒரு வரிசை. இப்போது கரையின் இரண்டு பக்கமும்.

முருகேசன் ஆளைக் கூப்பிட்டுப் பிடுங்கச் சொன்னார். அங்கேதான் அவர் கணக்கு பிசகியது. அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர் தாயார், நடமாட்டம் குறைந்தவர், பேத்தியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து அந்தத் துளிரைப் பார்த்துவிட்டார். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் பந்தக்கால் நடுகிறோம். நட்ட கால் துளிர்த்தால் வம்சம் தழைக்கும் என்று சொல்வார்கள். இங்கேயோ காலுக்கு மேல் காலாக ஒரு வேலியே துளிர்த்திருக்கிறது.

"எவன்டா அத புடுங்கறது?" என்று தாயார் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. "கல்யாணம் வச்ச வூட்டுல நட்ட காலு தானா துளுத்திருக்கு. புடுங்குனா எம் பேத்தி வாழ்வ புடுங்குற மாதிரிடா!"

அன்றே மஞ்சள் துணி கிழித்துக் கம்புக்குக் கம்பு கட்டி, பெயின்டுக்குக் கீழே குங்குமமும் வைத்தாயிற்று. பிறகு ஒரு லாரி ரிவர்ஸில் வரும்போது ஒரு கம்பை முறித்துவிட்டது. தாயார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, மணப்பெண் அழுதாள். மறுநாள் எல்லா லாரியும் கரையைக் காலிசெய்து மெயின் ரோட்டுக்குப் போயின. முறிந்த கம்பின் இடத்தில் புதுக்கம்பு நட்டுத் தர அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். போய் நட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்திரிகை வைக்க வந்த முருகேசன் வாசலிலேயே கேட்டார்: "அக்கா, தெரிஞ்சுதானே குடுத்தீங்க?"

"கம்பு கேட்ட, குடுத்தேன். எது மேல எது கீழன்னு பெயின்ட்டும் அடிச்சுக் குடுத்தேன். இதுக்கு மேல இன்னாடா சேவ பண்ணணும் உனக்கு?"

முருகேசன் சிரித்துவிட்டார். மகளுக்கு ஆசீர்வாதம் வேண்டும் என்றார்.

நானும் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். உன் மூஞ்சி அவ்ளோ நல்ல மூஞ்சி தம்பி."

இன்றும் சொல்கிறேன், என் கோபத்தில் தப்பில்லை. சொல்லாமல் செய்தது அவர் தப்பு. ஆனால் வேறு வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கல்யாணத்தில் அக்கா கொடுத்த பரிசைப் பார்த்துச் சபையே திகைத்தது. அந்த மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, கறுப்புக் கயிற்றை மாற்றி மஞ்சள் கயிறு கோத்து, பெண்ணின் கையில் வைத்தார். "யாராச்சும் உன்ன எறங்குன்னு சொன்னா ஊது. ஒன்னு ஊதுனா போதும்."

பிறகு எனக்கு ஓசூரில் வேலை கிடைத்து அத்திபெலேக்குக் குடிபோனோம். போக்குவரத்து குறைந்தது. போன வருஷம் பாங்க்காரர் போன் செய்து, அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆயிற்று என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இதையும் சொல்லாமல் செய்துவிட்டார்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். கண்ணுக்கு முதலில் தெரிந்தது மரங்கள்தான். இரண்டு வரிசையும் மேலே கை கோத்து நிற்கின்றன. பழைய முள்கம்பியை அடிமரங்கள் விழுங்கிவிட்டிருந்தன. அடுத்துத் தெரிந்தது ஜேசிபி. ஓடையின் இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பப் போகிறார்கள், மரங்கள் போக வேண்டும். கூட்டம் கூடியிருந்தது. மேற்பார்வைக்கு வந்த இளைஞர் கையில் கோப்போடு தொட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நரைத்த தலையோடு, முருகேசன்.

"சார், இது வேலிக்கம்புன்னு நீங்களேதானே அன்னைக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க? டெம்பரரின்னு போட்டிருக்கு" என்று கோப்பைக் காட்டினார் இளைஞர்.

"டெம்பரரியாத்தான் நட்டேன். அதுங்க பர்மனன்ட் ஆயிடுச்சு, நான் இன்னா பண்றது? என் வூட்டுக் காலு சார் இது. என் பேத்தி பொறந்தது இதாலதான். எறங்க மாட்டேன்."

டிரைவர் இன்ஜினை உறுமவிட்டான். தொட்டி லேசாக ஆடியது. முருகேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பனியனுக்குள் கைவிட்டு எதையோ இழுத்தார். மஞ்சள் கயிறு. பேத்தியின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்க வேண்டும். விசிலை வாயில் வைத்து ஊதினார். ஒன்று, உடனே இன்னொன்று.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். என் ஆயுளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை.

"ஒன்னு ஊதுண்ணா, ஒன்னு! ரெண்டு ஊதுனா வண்டி கெளம்பிடும்!"